கடைசி வாரம் இல்லாத புத்தகம்

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: கடைக்காரன் சக்கரவர்த்தி, விடியலில் மலையிலிருந்து இறங்கி வந்த கெங்கம்மாள், அவளுடைய வீட்டோடு மாப்பிள்ளை சின்னக்குழந்தை, ஆட்டு வியாபாரி சிங்காரம், கழுத்தில் கயிற்றோடு ஒரு வெள்ளாடு. ஆட்டைத் தவிர மற்றவர்கள் சக்கரவர்த்தி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார்கள். ஆடு, வாசலில் தொங்கிய பஞ்சாங்கத்தின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"இதுல கடைசி எங்க?" என்று கேட்டுக் கெங்கம்மாள் புத்தகத்தைப் பலகைமேல் போட்டாள்.

சிவப்புத் துணி அட்டை. மேலே வெள்ளைத் தாளில் 'துருப்பிடித்த நிலா' என்று சக்கரவர்த்தியே எழுதி ஒட்டிய பெயர். புத்தகம் புகை பிடித்து, எண்ணெய் விரல் பட்டு, நன்றாகத் தடித்திருந்தது. நன்றாகப் படிக்கப்பட்ட புத்தகம். மற்ற நாளாக இருந்தால் அதைப் பார்த்தே அவன் சந்தோஷப்பட்டிருப்பான்.

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை அந்தக் கடை. முன்பக்கம் நோட்டு, சிலேட்டு, பரீட்சை கைடு, பஞ்சாங்கம். வாடகையை அவை பார்த்துக்கொண்டன. பின் சுவரில் நீளமாக ஒரே ஒரு தட்டு. அதில் இருந்தவை எல்லாம் வேறு உலகங்கள். நட்சத்திரத்துக்குப் போகிற கப்பல், தன் எஜமானை வேலை வாங்குகிற இயந்திரம், ஏழு கதவு வைத்த மலைக்குகை, காலத்தில் பின்னோக்கி நடந்து சொந்தத் தாத்தாவிடம் அடி வாங்குகிறவன். சக்கரவர்த்தி கடை வைத்ததே அந்தத் தட்டுக்காகத்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமலேயே சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவன் திருப்பத்தூரில் பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவன். பிறகு வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. தொட்டிகளில் தோல் ஊறும். அதை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் ஊறுவதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அழுது வடிகிற ஒரு பல்புக்கு அடியில், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கதைகளைப் படித்தான். அந்த நாற்றத்தில் அவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியவை அவைதான். அதற்குச் செய்கிற பதில் மரியாதைதான் இந்தக் கடை. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. வேலையை விட்டுப் பல வருடமாகியும் ராத்திரித் தூக்கம் மட்டும் அவனிடம் திரும்பி வரவில்லை.

வாங்க வருகிறவனை அவன் அந்தத் தட்டின் பக்கம் விடமாட்டான். முதலில் விசாரணை. இன்னா வேலை, வூடு எந்தப் பக்கம், பக்கத்தில் இன்னா இருக்குது. அதற்கப்புறம்தான் புத்தகம். கிணறு வெட்டுகிறவனுக்குப் பூமிக்கு அடியில் உள்ள பட்டணத்தின் கதை. கம்பவுண்டருக்கு ஆளை மறைய வைக்கும் மருந்தின் கதை. பாம்பு கடித்துப் பிழைத்த கண்டக்டருக்கு நாகலோகம். ஒருவன் வாழ்க்கையில் இருக்கிற ஏதோ ஒன்று கதைக்குள்ளும் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான் என்பது அவன் நினைப்பு. பெரும்பாலும் அது பலிக்கவில்லை. கண்டக்டர் அட்டைப் படத்தைப் பார்த்ததும் புத்தகத்தைத் தொடவே மறுத்துவிட்டார். கம்பவுண்டர் நாலு பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் "பொழுது போச்சு" என்றார்கள். பொழுது போவதற்குப் புத்தகம் எதற்கு. அது தானாகவே போகும்.

கெங்கம்மாள் வேறு மாதிரி. காவலூரைத் தாண்டி மேலே ஒரு சின்ன ஊர். சாமை, புளி, கொஞ்சம் ஆடு. மகள் பாஞ்சாலைக்குக் கல்யாணமான புதிதில் கடைக்கு வந்தாள். "எட்டாவது படிச்ச மாப்ளன்னு வூட்டோட கொண்டாந்து வெச்சிருக்கறேன். சாயங்காலமானா சும்மா குந்தினு இருக்குது. அதுக்கு ஒரு வேலை குடு" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அன்றிலிருந்து புளி விற்க இறங்கும்போதெல்லாம் ஒரு புத்தகம் ஏறிப் போகும். சாயங்காலம் சின்னக்குழந்தை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான், ஊரே கேட்கும். அடுத்த முறை இறங்கும்போது, கதையில் வந்தவர்களைப் பற்றிப் பங்காளிகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். "அந்த ராஜா மவன் பண்ணது சரியில்ல தம்பி. மூணாவது கதவத் தெறக்காதன்னு அத்தினி பேர் சொன்னாங்கல்ல?" அவள் வருகிற நாள் தெரிந்தால் சக்கரவர்த்தி மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூடக் கடையைப் பூட்டமாட்டான்.

'துருப்பிடித்த நிலா'வை அவளுக்குச் சித்திரையில் கொடுத்தான். அது அச்சடித்த புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதையை வாராவாரம் கிழித்து, அடுக்கி, தைத்து, அட்டை போட்டது. மனிதர்கள் கட்டி ஆகாயத்தில் ஏற்றிய ஓர் இரும்பு நிலா துருப்பிடித்து, சொன்ன பேச்சுக் கேட்காமல் பூமிக்கு இறங்கி வருகிறது. சந்தன மரம் வளர்கிற ஒரு மலை. அதன் உச்சியில் வானம் பார்க்கிற பெரிய குழாய். அந்தக் குழாயில்தான் அது முதன்முதலில் தெரிகிறது. கதையில் அந்த மலைக்குப் பெயர் இல்லை. ஆனால் காவலூரில் வெள்ளைக் கூண்டுக்குள் அப்படி ஒரு குழாய் இருந்தது. சக்கரவர்த்திக்கு இதைவிட என்ன வேண்டும். "உங்க மலைதான்க்கா இது. எழுதனவன் வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லிக் கொடுத்தான். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. பொருத்தமான கைக்குப் பொருத்தமான புத்தகம் போகிற சந்தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

இப்போது ஆனி முடியப் போகிறது. எழுபத்தொன்பதாம் வருடம். ரேடியோவில் ஒரே பேச்சு: அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் விட்ட ஸ்கைலாப் கூடம் கீழே வருகிறது, புதன்கிழமை வாக்கில் விழும், எங்கே என்று யாருக்கும் தெரியாது.

"அது வேற, இது வேறக்கா" என்றான் சக்கரவர்த்தி. "ரேடியோல சொல்றது நியூஸ். இது கதை."

சின்னக்குழந்தை புத்தகத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவன் போல நிதானமாகப் பேசினான். "அண்ணா, இந்தப் பக்கத்துல துரு உதிர்ந்து வுழுதுன்னு போட்டிருக்குது. சரி. அதத் திருப்புங்க. அமெரிக்காக்காரன் கட்டின கூடம் கீழ எறங்குதுன்னு போட்டிருக்குது. அதையேதான் ரேடியோவுலயும் சொல்றான். அப்புறம் எப்படி கதைன்றீங்க?"

சக்கரவர்த்தி பார்த்தான். துணுக்குச் செய்தி. கதைப் பக்கத்தின் முதுகில் அச்சான செய்தி. அவன் அந்தப் பக்கங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. தொடர்கதையைத் தைத்து வைத்துப் படிக்கிற யாரும் பார்க்க மாட்டார்கள். கதை முடிந்த இடத்திலிருந்து கண் தானாக அடுத்த கதைப் பக்கத்துக்குத் தாவிவிடும். ஆனால் அப்படித் தாவ வேண்டும் என்பது வாரப் பத்திரிகையைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். சின்னக்குழந்தைக்கு இது தைத்த புத்தகம். தைத்த புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து ஒன்றையும் விடாமல் படிக்க வேண்டும். மூன்று மாதமாக அந்த ஊர் இப்படித்தான் கேட்டிருக்கிறது: நிலா துருப்பிடித்தது, சாமைக்குக் களை எடுக்கும் பருவம் வந்தது, விஞ்ஞானி தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார், கூந்தல் அடர்த்தியாக வளர இந்தத் தைலம், அமெரிக்கக் கூடம் கட்டுப்பாட்டை இழந்தது.

"இந்த முதுகுப் பக்கமெல்லாம் கணக்குல இல்லப்பா" என்றான். குரல் அவனுக்கே திருப்தியாக இல்லை.

"ஏன் கணக்குல இல்ல?" என்றாள் கெங்கம்மாள். "வைகாசில ஆட்டுக்கு வாயெல்லாம் புண்ணு. இதுல போட்டிருந்த வைத்தியத்ததான் பண்ணோம். ஆறிப்போச்சி. தோ, அந்த ஆடுதான். பஞ்சாங்கத்த தின்னுது பாரு. ஒரே காயிதத்துல அந்தப் பக்கம் மெய்யி, இந்தப் பக்கம் பொய்யின்னா எப்படி தம்பி?"

சக்கரவர்த்தி அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

சிங்காரம் பீடியை அணைத்துக் காதில் செருகினார். "கடைல இன்னும் எத்தினி ஒலகம் அழியுது, சக்கரவர்த்தி? முன்னாடியே சொல்லிடு. அதுக்கேத்தாப்ல வண்டி கட்டிக்கறேன்." பிறகு கெங்கம்மாளிடம், "கீழ அவனவன் சாவற வரைக்கும் கறி தின்னலாம்னு சொந்த ஆட்டயே அடிச்சித் தின்னுனு இருக்கான். வெலை இதான். நாளைக்கு இதுவும் இருக்காது. மிச்ச ஆட்டயும் ஓட்டிகினு வந்துடு."

அப்போதுதான் சக்கரவர்த்திக்கு முழுக்க விளங்கியது. கெங்கம்மாள் மலையை விட்டு இறங்கப் போகிறாள். கணியம்பாடிப் பக்கம் அக்கா வீடு. ஆடுகளைக் கூட்டிப் போக முடியாது. அதனால் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறாள். அவள் இறங்கினால் ஊரே இறங்கும். சாமைக்குக் களை எடுக்க வேண்டிய நேரம். இப்போது விட்டால் இந்த வருடச் சோறு புல்லோடு போய்விடும்.

"பாஞ்சாலை?" என்றான்.

"மாசம் நெறஞ்சி கீது. நடக்க வெச்சித்தான் கூட்டிகினு போவணும். வலி எடுத்தா வழியில எடுக்கட்டும். அங்கியே படுக்க வெச்சி, தலைமேல வுழுந்துட்டா?" அதைச் சொல்லும்போது கெங்கம்மாள் அவனைப் பார்க்கவில்லை. ஆட்டின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அதான் கேக்க வந்தேன். கடைசில வுழுந்துதா இல்லியா? அதச் சொல்லிடு. நான் போறேன்."

சக்கரவர்த்தி அந்தக் கடைசி வாரத்தைப் படித்ததில்லை. அந்த வாரக் கட்டு மழையில் நனைந்து கூழாகிவிட்டது. இருக்கிறவரை போதும் என்று தைத்துவிட்டான். கர்ப்பிணிப் பெண் காட்டு வழியில் நடந்து போவதை நினைத்தான்.

"கடல்ல வுழுந்துடுதுக்கா" என்றான். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல."

"எந்தக் கடல்ல?"

அவன் புத்தகத்தின் கடைசித் தாளைப் புரட்டினான்.

"மூணாவது கதவத் தெறந்த ராஜா மவனாட்டமே முழிக்கிற" என்றாள் கெங்கம்மாள். கோபம் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

"தெரியலக்கா" என்றான். "நான் படிக்கல. கடைசி வாரம் வரவே இல்ல. வுழாதுன்னு ரேடியோக்காரனே சொல்லல, நான் எப்படி சொல்றது? ஆனா உங்க மலையத் தேடிகினு வராது. எழுதனவன் உங்க மலையப் பாத்திருக்கவே மாட்டான். அது நான் சொன்ன பொய்யி."

"ஏன் சொன்ன?"

"நீங்க படிக்கணும்னு."

"நான் எங்க படிச்சேன்?" என்றாள் அவள். சின்னக்குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டான்.

சக்கரவர்த்தி பின் சுவர்த் தட்டைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அங்கிருந்து இறங்கிப் போன புத்தகங்களுக்காக யாரும் சண்டைக்குக்கூட வந்ததில்லை. ஒரு புத்தகத்தை நம்பி மூட்டை கட்டிய ஊர் இப்போதுதான் முதல் தடவையாக வந்து நிற்கிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்த நேரத்தில் அதை எடுத்துப் பார்ப்பது நியாயமில்லை என்று விட்டுவிட்டான்.

"புதன்கிழமை நான் உங்க ஊருக்கு வர்றேன்" என்றான். "அங்கியே படுத்துக்கறேன். வுழுந்தா என் மேலயும் வுழட்டும். ஆட்ட விக்காதீங்க. பாஞ்சாலைய நடக்க வெக்காதீங்க."

சிங்காரம் சத்தமாகச் சிரித்தார். "வருவான். செவ்வாக்கெழமையே பஸ் புடிச்சி பெங்களூர் போயிருப்பான்."

"வரட்டும். வந்தா உள்ள வெச்சிப் பூட்டிடறேன்" என்றாள் கெங்கம்மாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சக்கரவர்த்திக்குத் தெரிந்தது. ஆட்டை இழுத்தாள். அது பஞ்சாங்கத்தில் பாதி வருடத்தைத் தின்று முடித்திருந்தது. "வியாழக்கெழமை வா, சிங்காரம். வெலை பேசிக்கலாம்."

"வியாழக்கெழமை நீ இருக்கணும்."

"நீயும்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் மலைப் பாதையைப் பார்த்து நடந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சக்கரவர்த்தி கடையைச் சாத்தினான். ஒரு துணிப்பையில் போர்வையும் இரண்டு புத்தகமும் எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் கூட்டமே இல்லை. இறங்கி வருகிற பஸ்ஸில்தான் கூட்டம். அவனைத் தெரிந்த டிரைவர், "எல்லாரும் எறங்கறாங்க, நீ இன்னாத்துக்கு ஏர்ற?" என்றார். "நான் குடுத்த புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் குடுக்கப் போறேன்" என்றான். காவலூரில் இறங்கியபோது வெள்ளைக் கூண்டு மூடியே கிடந்தது. பகலில் அது எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அன்றைக்கு அவன் அதைச் சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஏறினான். களை எடுக்காமல் இரண்டு நாள் விட்டதே நிலத்தில் தெரிந்தது.

ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் மூட்டை இருந்தது. பாய், பானை, கோழிக்கூடை. கட்டி வைத்திருந்தார்களே தவிர யாரும் தூக்கவில்லை. அவன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் சடையன் எழுந்து வந்து அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "நீதான் அந்த புத்தகக்காரனா? ஒல்லியா கீற" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஒரு கிழவர் தன் மூட்டையிலிருந்து புகையிலையை மட்டும் உருவி வெளியே எடுத்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி கோழிகளைத் திறந்துவிட்டாள்.

பாஞ்சாலை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வரமாட்டீங்கன்னு அம்மாகிட்ட பந்தயம் கட்டினேன்" என்றாள். "தோத்துட்டேன். ஒரு சேவல் போச்சி."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றான்.

அவள் சிரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியை யோசிச்சி வெய்ங்க. காலைல சொல்லணும். கடல் வேணாம். அது அம்மாகிட்ட மாட்டிகிச்சி."

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அவன் சாப்பிடுவதை ஊரே நின்று பார்த்தது. ஓடப் போகிறவன் இப்படிச் சாப்பிடமாட்டான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவன் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டான். பசி, அதோடு அவர்களுக்காகவும்.

பொழுது சாயும் நேரத்தில் கெங்கம்மாள் அவனைப் புளி வைக்கிற வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மண் சுவர், புல் கூரை, குனிந்து நுழைகிற கதவு. ஊரில் பூட்டு போடுகிற வீடு அது ஒன்றுதான். திருப்பத்தூரில் வாங்கிய பூட்டு. உள்ளே புளி வாசனை அடர்ந்து கிடந்தது. தோல் தொட்டிகளின் ஞாபகம் அவனுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தான், ஊறுகிற ஒன்றுக்குக் காவலாக ஓர் ஆள். ஆனால் அங்கே அவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அவன் சொன்ன எந்தச் சொல்லும் ஒரு பூட்டு போடுகிற அளவுக்கு யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

அவள் பாயை உதறிப் போட்டாள். சின்னக்குழந்தை லாந்தரையும் சிவப்பு அட்டைப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தான். "முதுகுப் பக்கத்தையும் படிங்கண்ணா" என்றான். "நல்லாத்தான் இருக்குது."

"பயமா கீதா தம்பி?" என்றாள் கெங்கம்மாள்.

"கொஞ்சம்."

"எனக்குந்தான்." அவள் வாசலில் நின்றாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "வேற யாரும் வந்திருக்க மாட்டாங்க" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல நினைத்தான். நீங்கள்தான் வந்தீர்கள், நாலு வருடமாக, ஒவ்வொரு புளிக்கூடைக்கும் ஒரு தடவை. அதைச் சொல்லாமல், "பூட்டிடுங்கக்கா" என்றான்.

அவள் வெளியே போய் அந்த வெள்ளாட்டைக் கூட்டிவந்து கதவுக் காலில் கட்டினாள். குனிந்து ஒரு தடவை உள்ளே பார்த்தாள். கூரைப் புல்லில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை; அதில் வானம் இன்னும் வெளிச்சமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தினாள். சங்கிலி கொண்டியில் ஏறியது. பூட்டு விழுந்தது. கெங்கம்மாள் அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.